டயர் விசாரம்

மனிதனுக்கு வருகிற கவலைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தானே தேடிச் சம்பாதித்துக் கொள்வது. மற்றொன்று, உறவினர்கள் அன்புடன் அனுப்பி வைப்பது. மோட்டார் வண்டியின் டயரைப் பற்றிய கவலை நமக்கு இரண்டாவது வழியில்தான் வந்து சேர்ந்தது.

கனடா தேசத்தில் டொராண்டோ நகரத்தில் குடியிருக்கும் நம்முடைய மருமான் புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் டெலிபோனில் பேசினான். க்ஷேம சமாசாரங்களை விசாரித்த பிறகு, "மாமா! நாங்கள் வண்டிக்குக் குளிர்கால டயர் போடுவதற்கு நாள் குறித்தாகி விட்டது. நீங்கள் உங்கள் வண்டிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டான்.

நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. திருவையாற்றுக்குக் கிழக்கே, காவிரிக் கரையில் இருக்கும் கிராமம் நம்முடையது. இங்கே குளிர்காலம் என்று ஒன்று உண்டா? மார்கழி மாதத்து விடியற்காலையில் பஜனைக்குப் போகிறவர்கள் காதை மூடி மப்ளர் கட்டிக் கொள்வது வாஸ்தவந்தான். ஆனால் அது குளிருக்குப் பயந்து மட்டுமல்ல. பெட்டியில் கிடக்கும் மப்ளருக்கு வருஷத்தில் வேறு உபயோகம் கிடையாது என்பதும் ஒரு காரணம்.

சிரித்து முடித்த பிறகு, அந்தக் குளிர்கால டயர் என்பது என்னதான் என்று விசாரித்தோம். விசாரித்ததில், அது சிரிக்கக் கூடிய விஷயம் அல்லவென்று தெரிந்தது.

ரப்பருக்கு ஒரு சுபாவம் உண்டு. வெப்பத்தில் இளகும், குளிரில் விறைத்துப் போகும். உஷ்ணம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயர் விறைத்துக் கொண்டு, சாலையைப் பற்றும் சக்தியை இழக்கத் தொடங்குகிறது. ஆகையால் குளிர் தேசத்தார் கடுங் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும்படி ரப்பரை வேறு விதமாகப் பக்குவம் செய்து, அதன் முகத்தில் நூற்றுக் கணக்கான மெல்லிய கீறல்களையும் போட்டு, தனி டயர் ஒன்றைத் தயாரிக்கிறார்கள். அந்தக் கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன. பின்லாந்து தேசத்துக் கம்பெனி ஒன்று 1934-ஆம் ஆண்டில் முதன் முதலாக லாரிகளுக்கென்று இத்தகைய டயரைச் செய்தது. 1936-இல் கார்களுக்கும் செய்தது. அதே 1934-ஆம் ஆண்டில்தான் நம் காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அங்கே உறைந்து போன தண்ணீரின் மேல் ஓடுவதற்கு வழி தேடினார்கள். இங்கே ஓடுகிற தண்ணீரை நிறுத்தி வைப்பதற்கு வழி தேடினார்கள். அவரவர் கவலை அவரவருக்கு!

அந்தத் தேசங்களில் இது சட்டம் வரையில் போயிருக்கிறது. ஸ்வீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரையில், சாலையில் பனிக்கால நிலைமை இருக்குமானால் குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டக் கூடாது. ஜெர்மனியில் 2010-ஆம் ஆண்டு முதல், சாலையில் பனியோ உறைநீரோ இருந்தால் அந்த டயர் கட்டாயம். "அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை" என்று அங்கே ஒரு வழக்குச் சொல்லும் இருக்கிறது. கனடாவிலேயே க்யூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். மருமான் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டுக் கொள்கிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தில் சலுகை கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு முதல் விதி இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் மருமான் டயர் மாற்றுகிறான் என்றால், அவன் போலீஸுக்காக அதைச் செய்யவில்லை. பின் ஆசனத்தில் உட்காரும் குழந்தைகளுக்காகச் செய்கிறான் என்று ஏற்படுகிறது.

சரி, அந்த டயரை வரவழைத்து நம் வண்டிக்குப் போட்டால் என்ன? ஒன்றும் நல்லதில்லை, கெடுதல்தான். மார்கழி, தை மாதங்களில் கூடத் தஞ்சையில் விடியற்கால உஷ்ணம் 20 டிகிரியை ஒட்டி நிற்குமே தவிர, 7 டிகிரி என்பது இந்த ஜில்லா கேட்டறியாத எண். நம் ஊர் வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் அந்த இளக்கமான ரப்பர் பென்சிலை அழிக்கும் ரப்பரைப் போல் தேய்ந்து தீர்ந்து விடும். அதோடு, வெப்பமான உலர்ந்த சாலையில் பிரேக் போட்டால் அது சாதாரண டயரை விட அதிக தூரம் ஓடித்தான் நிற்கும். சீமையிலிருந்து வந்த கம்பளிக் கோட்டைச் சித்திரை மாதத்தில் மாட்டிக் கொண்டு கல்யாண விருந்துக்குப் போவது போன்ற காரியம் அது.

இதற்காக அயல் தேசத்துப் புத்தி எதையும் தேட வேண்டியதில்லை. பருவத்துக்குத் தக்கபடி சக்கரத்தை மாற்றுகிற வித்தை நம் வயல்களிலேயே நடக்கிறது. சேற்றுழவு தொடங்கியதும் டிராக்டருக்கு இரும்பினால் ஆன கேஜ் வீல் மாட்டுகிறார்கள் அல்லவா? ரப்பர் டயர் தொளியில் சுழலுமே தவிர முன்னேறாது. கேஜ் வீலோ சேற்றைக் கலக்கி மிதித்துக் கொண்டு ராஜ நடை போட்டுப் போகிறது. அதே கேஜ் வீல் வயலை விட்டுத் தார் ரோட்டில் ஏறினால், ரோட்டைக் கொத்திப் பிளந்து விடுகிறது. வயலில் புத்திசாலியாக இருந்த சக்கரம் ரோட்டில் முரடாகி விடுகிறது. ஆகவே, நல்ல சக்கரம், கெட்ட சக்கரம் என்று பொதுவாகச் சொல்வதற்கில்லை. எந்த இடத்துக்கு, எந்தப் பருவத்துக்கு என்றுதான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்ட போதுதான் மருமான் அனுப்பி வைத்த கவலை நம்மை நன்றாகப் பிடித்துக் கொண்டது. நமக்குப் பனிக்காலம் இல்லையே தவிர, சக்கரத்துக்குப் பொல்லாத காலம் ஒன்று இருக்கிறது. அது ஐப்பசியில் பிறந்து மார்கழி வரையில் நிற்கிறது. தமிழ் நாடு முழுமைக்குமே ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. கடலை நெருங்க நெருங்க இந்தப் பங்கு இன்னும் அதிகம். அந்த மழையும் பல நாள் தூறிக் கணக்கை முடிக்கிற சாது மழை அல்ல. 2008-ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயல் வந்த போது, ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டி மீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந் தோப்புக்களை அடியோடு சாய்த்துப் போட்டதை இந்தப் பிரதேசத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஈரச் சாலையில் டயருக்கு என்ன வேலை? தண்ணீரை ஒதுக்கி விட்டுத் தரையைத் தொடுவதுதான் அதன் வேலை. ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் அகலம் 17 சென்டி மீட்டர். சாலையில் நிற்கும் தண்ணீர் 3 மில்லி மீட்டர். வண்டியின் வேகம் மணிக்கு 80 கிலோ மீட்டர், அதாவது விநாடிக்குச் சுமார் 22 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். பெருக்கிப் பார்த்தால், ஒவ்வொரு டயரும் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 11 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு குடம்! டயரின் முகத்தில் இருக்கும் பள்ளங்களின் வழியாகத்தான் இந்தத் தண்ணீர் வெளியேற வேண்டும். பள்ளம் தூர்ந்து போனால், தூர் வாராத வாய்க்காலின் கதைதான். வெளியேற வழியில்லாத தண்ணீர் டயரைத் தூக்கி விடுகிறது. சக்கரம் தரையை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அப்பொழுது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. மோட்டார் வண்டி அந்த க்ஷணத்தில் ஓடம் ஆகி விடுகிறது. துடுப்பு இல்லாத ஓடம்.

இதைப் பற்றி அமெரிக்காவில் நாஸா விஞ்ஞானிகள் விமானச் சக்கரங்களை வைத்து ஆராய்ச்சி செய்து, 1963-ஆம் ஆண்டில் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். தண்ணீர் பள்ளங்களை மூழ்கடிக்கும் ஆழத்துக்கு நின்றால், டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பது அதில் உள்ள காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது என்பது அதன் சாரம். அந்தச் சூத்திரப்படி, 32 பவுண்டுக் காற்று இருந்தால் மணிக்குச் சுமார் 94 கிலோ மீட்டர் வேகத்தில் மிதக்கும். காற்று 25 பவுண்டுக்கு இறங்கினால் 83 கிலோ மீட்டரிலேயே மிதக்கும். கார் டயருக்கு இதை முழத்துக்கு முழம் பொருத்த முடியாது. இன்னும் குறைந்த வேகத்திலும் மிதப்பது உண்டு. ஆனால் சூத்திரம் சொல்லும் பாடம் நமக்கும் பொருந்தும். மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு அதிகமாகும் என்று சிலர் சொல்கிறார்களே, அது தலைகீழான யோசனை.

இவ்வளவும் எல்லா ஊருக்கும் பொதுவான ஈரம். தஞ்சை ஜில்லாவுக்கென்று சில விசேஷங்கள் உண்டு. குறுவை அறுவடை முடிகிற சமயமும் மழை தொடங்குகிற சமயமும் ஒன்றோடொன்று முட்டிக் கொள்கின்றன. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. களம் இல்லாத குடியானவன் என்ன செய்வான்? வானம் வெளுத்த இரண்டு மணி நேரத்துக்குள் நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிக் காய வைக்கிறான். அவன் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் நெல்மணியின் மேல் ஏறிய டயர் உருளைக் கட்டையின் மேல் ஏறியது போல் வழுக்குகிறது. ரோட்டில் சிந்திக் கிடக்கும் வைக்கோல் நனைந்து விட்டால் எண்ணெய் தடவிய பாய்தான். வயலிலிருந்து ஏறுகிற டிராக்டர் கொண்டு வந்து போடும் களிமண்ணோ இவை எல்லாவற்றுக்கும் அண்ணன். இவற்றோடு, நம் ஊர் ரோடுகளில் பாதி ரோடு என்பதே ஆற்றங்கரைதான். ஒரு பக்கம் வாழைக் கொல்லை. மறு பக்கம் காவிரியோ வாய்க்காலோ. பல இடங்களில் நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. மற்ற ஜில்லாக்களில் வண்டி வழுக்கினால் வயலில் இறங்கும். இங்கே தண்ணீரில் இறங்கும்.

சென்ற வருஷம் கபிஸ்தலத்துக்கு அப்பால், நமக்கு முன்னே போய்க் கொண்டிருந்த ஒரு வாடகைக் கார், ஈர வைக்கோலின் மேல் பிரேக் போட்டதும், பம்பரத்தைப் போல் ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கை வாய்க்காலின் மேல் நீட்டிக் கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒரு கல்யாணக் கோஷ்டி. கை கொடுத்து ஒவ்வொருவராய் இறக்கினோம். யாருக்கும் காயம் இல்லை. ஒரு பாட்டியம்மாள் மட்டும் இறங்கிய பிறகும் வெகு நேரம் பேசவில்லை. அந்தக் காரின் பின் டயர்களைக் குனிந்து பார்த்தோம். தலை முண்டனம் செய்து கொண்டு சுவாமிமலையிலிருந்து திரும்புகிற பக்தரின் தலையைப் போல் அவை பளபளவென்று இருந்தன.

இந்த ஞாபகத்துடன் நம் வண்டியின் டயர்களைப் பரிசோதித்தோம். புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லி மீட்டர் இருக்கும். நம் வண்டியில் முன் டயர் இரண்டிலும் 2 மில்லி மீட்டர். பின் டயர்களில் 4. சட்டத்தின்படி 1.6 மில்லி மீட்டர் வரையில் ஓட்டலாம். பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறிய மேடுகள் வைத்திருப்பார்கள். டயரின் முகம் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்து விட்டால் டயரின் ஆயுள் தீர்ந்தது என்று அர்த்தம். ஆக, சட்டத்தின் முன்னிலையில் நாம் நிரபராதி.

ஆனால் மழை சட்டப் புத்தகம் படித்ததில்லையே! இங்கிலாந்தில் மணிக்கு 50 மைல் வேகத்தில் செய்த சோதனைகளில், டயர் 1.6 மில்லி மீட்டருக்குத் தேய்ந்ததும், ஈரச் சாலையில் வண்டி நிற்கப் பிடிக்கும் தூரம் புதிய டயரைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீண்டு விட்டது. மழைக்காலத்தில் 3 மில்லி மீட்டருக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது என்று விஷயம் தெரிந்தவர்கள் பலரும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வீட்டில் மகாநாடு கூடியது. நான்கு புதிய டயர்களுக்குத் தஞ்சாவூர்க் கடைக்காரர் 16,000 ரூபாய் சொன்னார். அது ஆறேழு குவிண்டால் நெல்லின் கொள்முதல் விலை. நடவுக்கும் உரத்துக்கும் பணம் தேவைப்படுகிற ஐப்பசி மாதத்தில் அது லேசான தொகை அல்ல. பொங்கல் கழித்துச் சம்பா நெல் போட்ட பிறகு மாற்றிக் கொள்ளலாமே என்று நமக்குள் இருந்த குடியானவன் சொன்னான். ஆனால் மழை விட்ட பிறகு டயர் மாற்றுவது, வெள்ளம் வடிந்த பிறகு கரையை உயர்த்துவது போன்றதல்லவா?

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சாட்சியாக வந்து சேர்ந்தார். "நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். மொட்டை டயரிலேயே காசிக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை" என்றார். இந்த வகைச் சாட்சியத்தில் ஒரு விசேஷம் உண்டு. திரும்பி வந்தவர்கள் மட்டுமே வந்து சாட்சி சொல்கிறார்கள். வராதவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வழியில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டி வைத்தோம்.

நம் இல்லத்தரசி இவ்வளவையும் கேட்டுக் கொண்டிருந்து விட்டு, "இன்னும் ஐயாயிரம் கிலோ மீட்டர் ஓடும், ஓடும் என்கிறீர்களே! எங்கே ஓடும் என்று கேட்டுக் கொண்டீர்களா? ரோட்டிலா, வாய்க்காலிலா?" என்றாள்.

அம்மாவின் பேச்சு இன்னும் சுருக்கமாக இருந்தது. அம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு. ஐப்பசிக் கடைசி நாளன்று மாயவரத்தில் கடைமுழுக்கு. அன்று துலா கட்டத்தில் காவிரியில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ரயிலில் போகலாம், ஆனால் ஸ்டேஷன் படிகளை அவளால் ஏறி இறங்க முடியாது. "நீ டயரை மாற்றினால் மாற்று, மாற்றாவிட்டால் போ. என்னை மாயவரத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னாயே, அந்த வார்த்தையை மட்டும் மாற்றாதே" என்றாள்.

விவகாரம் அத்துடன் தீர்ந்தது. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து கணபதி அக்கிரகாரம், கபிஸ்தலம், உமையாள்புரம், சுவாமிமலை வழியாகக் கரை ரோட்டில் கும்பகோணம். அங்கிருந்து திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் தாண்டி மாயவரம். ஏறக்குறைய 65 கிலோ மீட்டர். அதில் பாதி, ஆற்றின் ஓரம். பின் ஆசனத்தில் எண்பத்திரண்டு வயதுத் தாயார். இப்படி எழுதிப் பார்த்த பிறகு 2 மில்லி மீட்டர் போதுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை.

ஆனால் நான்கும் வாங்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. தஞ்சாவூர்க் கடையில் இருந்த இளைஞன், இரண்டு வாங்கினால் போதும் என்றும், இழுக்கிற சக்கரம் முன் சக்கரமாகையால் புதியவற்றை முன்னால் போட வேண்டும் என்றும் சொன்னான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. முதலாளி குறுக்கிட்டார். "தம்பி! புதிய டயர் பின்னால்தான் போக வேண்டும்" என்றார். டயர் கம்பெனிக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். காரணம் இதுதான்: முன் சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராக ஓடும், காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மறுபடி தரையைப் பிடித்துக் கொள்ளும். பின் சக்கரம் வழுக்கினாலோ வண்டி பம்பரமாகச் சுழலும். அதைச் சமாளிப்பது சாதாரண மனிதனால் ஆகாது. கபிஸ்தலத்து வாடகைக் கார் நமக்குக் கண் முன்னே வந்து நின்றது.

அதன்படி, 4 மில்லி மீட்டர் இருந்த பின் டயர்கள் முன்னுக்கு வந்தன. 2 மில்லி மீட்டராகத் தேய்ந்திருந்த முன் டயர்கள் விடை பெற்றுக் கொண்டன. புதியவை இரண்டும் பின்னால் ஏறின. செலவு பாதியாயிற்று. புதிய டயரை வாங்குவதற்கு முன் அதன் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைப் படித்துப் பார்த்துக் கொண்டோம். 3224 என்று இருந்தால், 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். டயருக்கும் ஜாதகம் உண்டு. பெண் வீட்டார் போல் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியதுதான். ஈரச் சாலையில் டயருக்குக் குறைந்த பட்சம் இவ்வளவு பிடிப்பு இருக்க வேண்டும் என்று இந்திய அரசாங்கம் 2022-ஆம் ஆண்டில் விதி செய்திருக்கிறது என்பதையும் கடை முதலாளி எடுத்துச் சொன்னார். காற்றையும் அளவு பார்த்து நிரப்பிக் கொண்டோம்.

கடைமுழுக்குக்கு முதல் நாள் சாயங்காலம், மறுநாள் கன மழை பெய்யும் என்று வானிலை நிலையத்தார் எச்சரிக்கை விடுத்தார்கள். புதிய டயர் இருக்கும் தைரியத்தில், "போய்த்தான் பார்ப்போமே!" என்று நமக்கு ஒரு சபலம் தட்டியது. புதிய டயர் செய்யக் கூடிய பெரிய அபாயம் இதுதான். தண்ணீரை ஒதுக்குவதோடு, நம் மனத்திலுள்ள பயத்தையும் ஒதுக்கி விடுகிறது. டயரினால் கொஞ்ச தூரம் முன்னதாக நிற்க முடியும். ரோட்டை மறைத்து ஓடுகிற வெள்ளத்தின் ஆழத்தை அதனால் அளந்து சொல்ல முடியாது.

அம்மாதான் வழி சொன்னாள். "நாளைக்குப் போகாவிட்டால் என்ன? நாளன்றைக்கு முடவன் முழுக்கு இருக்கிறதே!" என்றாள்.

அந்தக் கதை நேயர்களுக்குத் தெரிந்ததுதான். மாயூரத்தில் துலா ஸ்நானம் செய்ய வேண்டுமென்று நெடுந் தூரத்திலிருந்து புறப்பட்ட ஒரு முடவன், காலை இழுத்து இழுத்து நடந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி மாதம் முடிந்து விட்டது. அவன் கதறியதைக் கேட்ட ஸ்வாமி, அவனுக்காகக் கார்த்திகை முதல் தேதியையும் சேர்த்துக் கொடுத்தார். அன்று முழுகுகிறவர்களுக்கும் அதே பலன் என்பது ஐதிகம். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16-ஆம் தேதி, ஐப்பசி மாதத்தின் கடைசி நாள், அன்றுதான் கடைமுழுக்கு. மழையை அறிந்த ஊரில், தாமதமாக வருகிறவனுக்கு ஒரு நாள் ஒதுக்கி வைத்த முன்னோர்களின் அனுபவத்தை என்னவென்று சொல்வது?

கார்த்திகை முதல் தேதி காலையில் மழை வெறித்திருந்தது. மணிக்கு 40 கிலோ மீட்டருக்கு மேல் போவதில்லை என்று வைத்துக் கொண்டு புறப்பட்டோம். உமையாள்புரத்துக்கு அருகில், வயலிலிருந்து ஒரு டிராக்டர் முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் களிமண்ணுடன் கரைமேல் ஏறி எதிரே நின்றது. பிரேக்கை மிதித்தோம். வண்டி கோணாமல், சாயாமல், இரண்டு முழ தூரத்தில் நின்றது. வலது பக்கம் காவிரி, கரை கொள்ளாமல் போய்க் கொண்டிருந்தது. நிறுத்தியது டயரா, 40 கிலோ மீட்டர் வேகமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. டயர் மட்டும் இருந்து வேகம் 80 ஆக இருந்தால் நின்றிருக்காது. வேகம் மட்டும் குறைந்து டயர் மொட்டையாக இருந்தால் களிமண்ணில் நின்றிருக்குமா என்பது சந்தேகந்தான். திருவாரூர் ஆழித் தேருக்கே திருச்சி பெல் தொழிற்சாலையில் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து மாட்டியிருக்கிறார்கள். தேரை இழுப்பதற்கு ஆயிரம் கை உண்டு. நிறுத்துவதற்குத்தான் யோசனை வேண்டும்.

அம்மா துலா கட்டத்தில் முழுகி எழுந்தாள். மயூரநாதரைத் தரிசனம் செய்தாள். திரும்பும் வழியெல்லாம் நன்றாகத் தூங்கினாள். 8,000 ரூபாய்க்கு நாம் வாங்கியது அந்தத் தூக்கம் என்றே கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம்.

வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருஷந்தோறும் மழைக்குச் சற்று முன்னதாக ஆயுத பூஜை வந்து விடுகிறது. அன்று வண்டியைக் கழுவித் துடைத்து, மாலை சாத்தி, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அந்த நாளை விடச் சௌகரியமான நாள் கிடையாது. டயருக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் போது, விரலைச் சற்றுப் பள்ளத்துக்குள்ளும் விட்டுப் பாருங்கள். ஆழம் போதாது என்று விரல் சொன்னால், எலுமிச்சம்பழத்தை மட்டும் நம்பிப் புறப்பட்டு விடாதீர்கள்.